துடுப்பும் கூடாரமும்

கனடா தேசத்தில் வாழும் என் பழைய மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு எனக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருந்தான். கல்முனையில் என்னிடம் புவியியல் கற்றவன் அவன். டொரொன்டோ நகருக்கு வடக்கே, அல்கொன்குவின் என்னும் பெருங்காட்டில், நண்பர் மூவருடன் சிறு படகேறி ஐந்து நாட்களைக் கழித்த கதையை அதில் வர்ணித்திருந்தான். பகலெல்லாம் துடுப்பு வலிப்பார்களாம். அந்தி சாயும் வேளையில் ஏரிக்கரையில் கூடாரம் அடிப்பார்களாம். ஓர் ஏரி முடிந்து மற்றோர் ஏரி தொடங்கும் இடத்தில் படகைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு காட்டுப் பாதையில் நடப்பார்களாம். கரடியின் மூக்குக்கு எட்டாதபடி உணவு மூட்டையை உயர்ந்த மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டு உறங்குவார்களாம்.

கடிதத்தின் முடிவில் அவன் எழுதியிருந்த ஒரு வாக்கியம் என் மனத்தைத் தைத்தது. “சேர், துடுப்புப் பிடிக்க நான் இங்கே வந்துதான் பழகினேன். கிட்டங்கி ஆற்றங்கரையில் பிறந்தவன் என்று சொல்லவே வெட்கமாக இருந்தது.”

அவன் வெட்கப்பட்டதில் நியாயம் உண்டு. வாசகர்களே, கிழக்கிலங்கையின் வரைபடத்தைச் சற்றே நோக்குங்கள். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று நிரையாக நிற்கும் நமது ஊர்களுக்குக் கிழக்கே வங்காள விரிகுடா அலை புரட்டுகின்றது. கல்முனைக்கு மேற்கே மட்டக்களப்பு வாவியின் தென்பகுதி ஆறாகவும் ஓடையாகவும் சதுப்பாகவும் பிரிந்து கிடக்கின்றது. வடக்கே ஏறாவூர்ப் பகுதிவரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் வாவி இது. இரு நீர்ப்பரப்புகளுக்கு இடையே ஒரு நாடாப் போல நீண்ட மணற்றிட்டில் நாம் வாழ்கின்றோம். ஆயினும் நம் பிள்ளைகளுள் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? துடுப்பைக் கையால் தொட்டவர்தாம் எத்தனை பேர்?

கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். உயர்தர வகுப்பு மாணவர் அறுவர் பாடம் முடிந்ததும் என்னைச் சூழ்ந்துகொண்டனர். “நாங்களும் போவோம் சேர்! வாவியில் தோணியேறிப் போய், ஒரு நாள் முகாம் போட்டுத் தங்கி வருவோம்” என்றனர். நானும் அக்கணத்தின் உற்சாகத்தில் இசைந்துவிட்டேன்.

ஒரு தாயின் கேள்வி

அறுவரில் ஐவரின் பெற்றோர் அதிகத் தயக்கமின்றிச் சம்மதித்தனர். ஆறாவது மாணவன் மருதமுனையைச் சேர்ந்தவன். நான் அனுப்பிய கடிதம் ஒப்பமின்றித் திரும்பியது. ஒரு மாலைப் பொழுதில் அவன் வீட்டுக்குச் சென்றேன். அவனுடைய உம்மா கதவோரத்தில் நின்று பேசினார்.

“ஒண்டக் கடலுக்குக் குடுத்திட்டன் சேர். மற்றதையும் ஆத்துக்குக் குடுக்கவா சொல்றீங்க?”

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலையில் தம் தலைப்பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். என் மாணவன் அதற்குப் பின்னர் பிறந்தவன். இலங்கையின் மாவட்டங்களுள் அன்று மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை என்பதை நாம் அனைவரும் அறிவோம். அறிவு வேறு; ஒரு தாயின் முகத்துக்கு நேரே நிற்பது வேறு. என்னால் யாதொன்றும் பேச இயலவில்லை.

அவர் மேலும் சொன்னார்: “முகாமுக்குப் போறன் எண்டு துள்ளுறான். முகாம் எண்டா என்னெண்டு அவனுக்குத் தெரியுமா? தறப்பாளுக்குள்ள நாங்க கிடந்த கிடை எனக்குத்தானே தெரியும்.”

மேல்நாட்டவர் இன்பப் பொழுதுபோக்காகச் சொல்லும் சொல் நம் நாட்டில் எத்துணைக் கசப்பேறிக் கிடக்கின்றது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். யுத்தத்தாலும் ஆழிப்பேரலையாலும் வீடிழந்து முகாம்களில் வாழ்ந்த இலட்சக்கணக்கான மக்களுக்குக் கூடாரம் ஓர் உல்லாசப் பொருள் அன்று. அன்று முதல் “முகாம்” என்ற சொல்லை எங்கள் பயணத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டேன்.

விடைபெற எழுந்தபோது அந்தத் தாய் ஒரு கேள்வி கேட்டார். “சேருக்கு நீந்தத் தெரியுமா?”

பொய் சொல்ல நா எழவில்லை. நாற்பத்தாறு வயதில், இருபது ஆண்டுகளாக ஆறுகளையும் கடல்களையும் கரும்பலகையில் வரைந்து காட்டிய நான், “தெரியாது” என்று தலைகுனிந்தேன்.

“அப்ப முதல்ல நீங்க படிங்க சேர். பிறகு என்ர மகனுக்கும் படிச்சுக் குடுங்க. அதுக்குப் பிறகு பார்ப்பம்.”

மாணவனான ஆசிரியன்

எங்கள் இருவருக்கும், ஏனைய ஐவருக்கும் குருவாக வாய்த்தவர் வாவியிலே பிறந்து வளர்ந்தவர் என்று சொல்லத்தக்க ஒரு மீனவர். அறுபது வயதைக் கடந்தவர். ஊரார் அவரைக் காக்கா என்றே அழைப்பர். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். முதலைப் பயமில்லாத, இடுப்பளவு நீருள்ள மணற்பாங்கான இடம் ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று மாதங்கள் ஞாயிறுதோறும் காலையில் அங்கே சென்றோம்.

முதல் நாள் நான் கைகால்களை உதறிக்கொண்டு மூழ்குவதைக் கண்ட காக்கா, “தண்ணியோட சண்ட பிடிக்கப்படா சேர். அதுக்கு மேல படுங்க, அது உங்களத் தூக்கும்” என்றார். ஆர்க்கிமிடீசின் தத்துவத்தை இதனிலும் சுருக்கமாக எந்த நூலும் கூறவில்லை. சுவாசப்பை நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு மல்லாந்தால் மனித உடல் நீரினும் சற்றே இலேசாகின்றது. மூழ்குபவனைக் கொல்வது பெரும்பாலும் அவனுடைய பதற்றமே. தலையையும் கைகளையும் நீருக்கு மேலே தூக்க முயலுந்தோறும் உடல் கீழே அமிழ்கின்றது. மிதக்கக் கற்றபின் நீந்தக் கற்பது கடினமன்று. ஆறாவது வாரத்தில் நான் மிதந்தேன். என் மாணவர்கள் கைகொட்டிச் சிரித்தனர். அந்தச் சிரிப்பை ஒரு பட்டமாகவே நான் ஏற்றுக்கொண்டேன்.

நீச்சலுக்குப் பின் துடுப்புப் பயிற்சி. நம்மவர் சவள் என்றும் துடுப்பு என்றும் வழங்கும் இக்கருவியில் வலிமையைவிட ஒழுங்கே முக்கியம். முன்னால் இருப்பவன் வேகத்தை அமைக்கின்றான். பின்னால் இருப்பவன் திசையை அமைக்கின்றான். தோணியில் எழுந்து நிற்றல் ஆகாது; உடலின் பாரம் உயர உயரத் தோணி கவிழும் தன்மை பெறுகின்றது. அலை எழும்போது பக்கவாட்டில் அதை வாங்கலாகாது; தோணியின் முகத்தைச் சாய்வாக அலைக்குக் கொடுக்க வேண்டும்.

கனடாவின் ஆதிக்குடிகள் இதே கலையை வேறு பொருள் கொண்டு வளர்த்தனர். பேர்ச் மரத்தின் பட்டையை உரித்து, மர வேர்களால் தைத்து, பிசின் பூசி அவர்கள் செய்த படகு, மனிதன் தோளில் சுமக்கத்தக்க அளவு இலேசானது. ஏரிக்கு ஏரி சுமந்து செல்ல அதுவே ஏற்றது. நம் முன்னோர் ஒரே மரத்தைக் குடைந்து தோணி செய்தனர். அது சுமப்பதற்கு அரியது. ஆனால் ஆழமற்ற வாவியில் பல்லாண்டு உழைக்க வல்லது. இன்று மரத்தோணி அருகி, கண்ணாடியிழைத் தோணியே மிகுதியாகக் காணப்படுகின்றது. “கனோ” என்னும் சொல் கரிபியன் தீவுகளின் மக்களிடமிருந்து ஸ்பானியர் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றது. நமது “கட்டுமரம்” என்னும் சொல்லும் அவ்வாறே கடல் கடந்து ஆங்கிலத்தில் குடியேறியது. உலகத்துக்குப் படகின் பெயரையே வழங்கிய இனத்தார் நாம் என்பதை மாணவர் நினைவிற் கொள்ளல் நன்று.

வாவியில் ஒரு பகல்

ஆகஸ்ட் விடுமுறையில், முழுநிலவுக்கு முந்திய நாள் புறப்பட்டோம். தோணி இரண்டு, தோணிக்காரர் இருவர், மாணவர் அறுவர், நான். ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இருந்தது. செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்திருந்தோம். அல்கொன்குவின் காட்டைத் தம் ஓவியங்களால் புகழ் பெறச் செய்தவர் டொம் தொம்சன். படகோட்டத்தில் நல்ல பழக்கமுள்ள அவர் 1917ஆம் ஆண்டு கனோ ஏரியில் தனியே புறப்பட்டுச் சென்றார். எட்டு நாட்களின் பின்னர் அவருடைய உடலே கிடைத்தது. நீரில் தனியே போகாதே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

விடியற்காலையில் துறையை விட்டகன்றோம். முதல் ஒரு மணி நேரம் ஆற்றுவாழையோடு போராட வேண்டியிருந்தது. ஊதா நிறப் பூவைக் காட்டி மயக்கும் இந்தத் தாவரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. நீரின் முகத்தைப் போர்வைபோல மூடி, அடியில் வாழும் மீனுக்கு வெளிச்சமும் பிராணவாயுவும் குறையச் செய்கின்றது. துடுப்பு அதில் சிக்கிக்கொண்டபோது காக்கா நீண்ட கம்பை ஊன்றித் தோணியைத் தள்ளினார்.

அதைக் கடந்ததும் வாவி விரிந்தது. என்னே அதன் அழகு! இருமருங்கிலும் கண்டலும் கிண்ணையும் நீரில் வேரூன்றி நின்றன. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயில் காய்ந்தன. வீச்சுவலைக்காரர் ஒருவர் விரித்த வலை வட்டமாக நீரில் விழுந்த ஓசையைத் தவிர வேறு ஓசையில்லை. மேற்கே வயல்வெளி, அதற்கும் அப்பால் நீல மலைகள்.

அந்த மலைப்புறத்திலிருந்து வரும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துத்தான் சேனநாயக்க சமுத்திரத்தைக் கட்டினார்கள். அப்பணிக்கெனக் கல்லோயா அபிவிருத்திச் சபை 1949ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு 1954ஆம் ஆண்டு தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அந்நீர்ப்பரப்பிலே தீவுக்குத் தீவு யானைகள் நீந்திச் செல்லும் காட்சியைப் படகிலிருந்து காணலாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு செல்லும் அப்பயணமும் நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றது. அத்துணைப் பெரிய யானை நீந்துகின்றது, நாம் நீந்துவதில்லை!

நண்பகலுக்குச் சற்று முன் காக்கா மேற்கே நோக்கி, “கச்சான் கிளம்பப் போகுது, கரைக்கு வாங்க” என்றார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. எனக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. இன்னும் சிறிது தூரம் போகலாமே என்றேன். அவர் மறுமொழி கூறாது தோணியைத் திருப்பினார். கரையை நாங்கள் தொட்டு அரை மணி நேரமாகுமுன் அனற்காற்றுச் சீறி வந்தது. கண்ணாடிபோல் கிடந்த வாவி நுரை தள்ளிக் குமுறியது. நான் சொன்னபடி சென்றிருந்தால் நடுவாவியில் அகப்பட்டிருப்போம். மருதமுனை மாணவன் ஒன்றும் பேசாமல் அந்த அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தந்த வாக்கை விட, அவனுடைய தாய்க்குத் தந்த வாக்கே அப்போது என் நெஞ்சில் கனத்தது. பிற்பகல் நான்கு மணிவரை கரையிலேயே காத்திருந்தோம்.

நிலவின் கீழே

மண்டூர்ப் பக்கத்துக் கரையில், போடியார் ஒருவரின் வயல் வாடிக்கு அருகே அவருடைய அனுமதியுடன் தங்கினோம். தனித்த காட்டில் தங்குவதினும், காவலுக்கு ஆளுள்ள வயலோரத்தில் தங்குவதே யானைகள் நடமாடும் நமது பிரதேசத்துக்கு உகந்தது. கூடாரத்தை நீரோரத்தில் அடிக்காமல் மேட்டில் அடித்தோம். மீனைத் துப்புரவு செய்த இடத்துக்கும் படுக்கைக்கும் நல்ல தூரம் இருந்தது. அந்தி சாய்ந்த பின்னர் நீரில் இறங்க ஒருவருக்கும் அனுமதியில்லை. முதலைக்கு வேண்டிய மரியாதை இது. கனடாவில் கரடிக்கு அஞ்சி உணவை மரத்தில் தொங்கவிடுவர். இங்கே பழமும் உப்பும் நெல்லும் யானையை அழைக்கும் என்பதால் அவற்றைக் கூடாரத்தில் வைக்கலாகாது. ஆகவே எங்கள் மூட்டைகளை வாடிக்காரரிடமே ஒப்படைத்தோம்.

விறகு பொறுக்கச் சென்ற ஒரு மாணவன் கரையோரத்துக் காய்ந்த கிளைகளை அள்ளி வந்தான். காக்கா கண்டதும், “போடு கீழ! தில்லை அது” என்று அதட்டினார். தில்லை மரத்தின் பால் பட்டால் கண் பார்வையே கெடும். அதன் புகையும் ஆகாது. எந்த மரத்தை எரிப்பது, எதை எரிக்கலாகாது என்பது பாடப் புத்தகத்தில் இல்லாத தாவரவியல்.

பொழுது சாய்ந்தது. காக்காவும் மூன்று மாணவரும் வாடிக் கிணற்று நீரில் வுழூச் செய்து தொழுதனர். மற்ற மாணவரும் நானும் கைகால் கழுவித் திருநீறணிந்து, தில்லை மண்டூர் முருகனை அத்திசை நோக்கி வணங்கினோம். சைவ உணவுக்காரரான எனக்காகவும் ஒரு மாணவனுக்காகவும் சோற்றையும் பருப்பையும் முதலில் இறக்கிவைத்துவிட்டே அவர்கள் மணலை மீனை அடுப்பில் ஏற்றினர். ஒருவரும் சொல்லித் தந்து அவர்கள் அதைச் செய்யவில்லை.

நிலவெழுந்ததும் மாணவர் ஒரு விண்ணப்பம் செய்தனர். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைப்பற்றிக் கேள்வியுறாத தமிழர் இலர். காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலாநந்தர், அவ்வொலியில் உள்ளம் பறிகொடுத்து, அதனை நீரரமகளிரின் இசையாகக் கற்பனை செய்து பாடினார். 1947ஆம் ஆண்டு வெளிவந்த அவரது யாழ் நூலை மாணவர் அறிவர். 1950களில் அமெரிக்க இயேசுசபைக் குருமார் அவ்வோசையை ஒலிப்பதிவு செய்யவும் முயன்றனர். துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது பழைய முறை. கரையில் கட்டியிருந்த தோணியில் அமர்ந்து, ஒருவர்பின் ஒருவராகக் கேட்டோம்.

உண்மையைச் சொல்லிவிடுகின்றேன்: பாட்டு ஒன்றும் எங்களுக்குக் கேட்கவில்லை. அது கேட்கும் இடமென்று புகழ் பெற்ற கல்லடிப் பாலம் வடக்கே வெகு தூரத்தில் இருக்கின்றது. ஆனால் நீர் தோணியின் அடியைத் தடவும் ஓசையும், எங்கோ ஒரு மீன் துள்ளும் ஓசையும் மரத்தின் வழியே தெளிவாகக் கேட்டன. மருதமுனை மாணவன் எல்லாரிலும் அதிக நேரம் துடுப்பில் காது வைத்திருந்தான். என்ன கேட்டாய் என்று நான் வினவவில்லை. நெடுநேரத்தின் பின் அவனே சொன்னான்: “எங்கட காக்கா இருந்திருந்தா இருபத்தெட்டு வயசு சேர்.”

இரவு முழுவதும் தொலைவில் யானை வெடியின் ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. நாங்கள் ஓர் இரவை விளையாட்டாகக் கழிக்க வந்திருந்தோம். அந்த உழவர்களோ விளைந்த நெல்லைக் காக்க ஒவ்வோரிரவும் கண்விழிக்கின்றனர். அதையும் மாணவர் கேட்டுக்கொண்டே உறங்கினர்.

கரையில் நின்றவர்

மறுநாள் வைகறையில், காற்றுக்கு முந்திக்கொண்டு திரும்பினோம். கொண்டு சென்ற பொலித்தீன் பைகள் அத்தனையையும் எண்ணித் திரும்பக் கொணர்ந்தோம். துறையை நெருங்கியபோது கரையில் ஒருவர் தனியே நிற்பது தெரிந்தது. அந்தத் தாய்தான். சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் வந்துவிட்டாராம். தோணியிலிருந்து இறங்கியவர்களை ஒவ்வொருவராக விரல் மடித்து எண்ணினார். தம் மகனை மட்டுமன்று, எல்லோரையும் எண்ணினார். ஒன்பது என்று தம்முள் சொல்லிக்கொண்ட பின்னரே அவர் முகம் தெளிந்தது.

2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி, மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரத்தை நீர் அடித்துச் சென்றதையும், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் மாண்டதையும் இப்பகுதி இன்னும் மறக்கவில்லை. நீச்சல் தெரிந்தால் எந்த வெள்ளத்தையும் வெல்லலாம் என்று நான் கூறத் துணியேன். சீறும் நீரின் முன் தேர்ந்த நீச்சற்காரனும் துரும்பே. ஆயினும் நீரை அறிந்தவன் எப்போது அதில் இறங்கலாகாது என்பதையும் அறிவான். கச்சானைக் கண்ட காக்கா தோணியைத் திருப்பியது அந்த அறிவினாலன்றோ? நீரை அறியாத நான்தான் இன்னும் போகலாம் என்றேன். துடுப்பும் கூடாரமும் எங்களுக்குக் கற்பித்த பாடம் துணிவு என்று எண்ணிச் சென்றேன். அடக்கம் என்று அறிந்து திரும்பினேன்.

மகனின் தலையைத் துவட்டிவிட்ட அந்தத் தாய், புறப்படும் வேளையில் என்னிடம் வந்தார். நன்றி சொல்லவில்லை. மற்றுமொரு கேள்வியே கேட்டார்:

“இவன் படிச்சிட்டான் சேர். வீட்டில மகள் ஒராள் இருக்கா. பொம்புளப் புள்ளைகள் நீச்சல் படிக்க எங்க சேர் இடம் இருக்கு?”

அன்றும் என்னிடம் விடை இருக்கவில்லை. இதனை எழுதும் இன்றும் இல்லை. ஆழிப்பேரலையில் ஆடவரினும் பெண்களே அதிகமாக மாண்டனர் என்பது நாம் அறிந்த துயரம். மறைவான இடமும், கற்பிக்க ஒரு பெண்மணியும், இடுப்பளவு நீரும் இருந்தால் போதும், பெருஞ்செலவு தேவையில்லை. இரு நீர்களின் நடுவே வாழும் நமது ஊர்களின் பெரியோரும், பாடசாலைகளும், பள்ளிவாசல்களும், கோயில்களும் கூடிச் சிந்தித்தால் இதற்கு விடை காண்பது அரிதாமோ? கேட்டவர் ஒரு தாய். மறுமொழி சொல்ல வேண்டியவர்கள் நாம் எல்லோரும்.